குறும்பட்டை நெபுலா ஒளிப்படவியல்

குறும்பட்டை நெபுலா ஒளிப்படவியல் என்பது, விண்வெளியில் உள்ள வளிம முகில்கள் உமிழும் ஒளியில் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் வடிகட்டிப் பிரித்து, அவற்றை ஒளிப்படமாகப் பதிவு செய்யும் முறையாகும். நெபுலா என்பது தமிழில் விண்முகில் என்றும் ஒண்முகில் என்றும் வழங்கப்படுகின்றது. தெருவிளக்குகளின் ஒளியால் வெளுத்துப்போன நகர வானத்தின் கீழிருந்தும், வீட்டு மொட்டைமாடியிலிருந்தும், வெறுங்கண்ணுக்குச் சற்றும் புலப்படாத நெபுலாக்களை இம்முறையால் படமெடுக்க இயலும்.

கோயம்புத்தூர் மாநகரின் வடபுறத்தில், சத்தியமங்கலம் சாலையில் அமைந்துள்ள சரவணம்பட்டி இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. முன்னர் பேரூராட்சியாக இருந்து 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இவ்வூர், தகவல் தொழில்நுட்ப வளாகங்களாலும் அடுக்கு மாடிகளாலும் இரவு முழுதும் ஒளிர்கின்றது. இங்கிருந்து முதன்முறையாக இம்முயற்சியில் இறங்கும் ஒருவருக்குக் கருவிகளைவிட, ஊரின் அகலாங்கும் பருவமும் எத்திசையில் நகரம் இருக்கின்றது என்பதுமே பெரிய கேள்விகளாகும்.

நெபுலாவின் ஒளி

விளக்கின் இழையோ கதிரவனின் மேற்பரப்போ எல்லா அலைநீளங்களிலும் தொடர்ச்சியாக ஒளியை வெளியிடுகின்றன. உமிழ் நெபுலாக்கள் அவ்வாறு செய்வதில்லை. அருகிலுள்ள வெப்பம் மிகுந்த இளம் விண்மீன்களின் புற ஊதாக் கதிர்கள் வளிமத்தின் அணுக்களிலிருந்து எதிர்மின்னிகளைப் பிரிக்கின்றன. பிரிந்த எதிர்மின்னி மீண்டும் அணுவுடன் சேர்ந்து படிப்படியாகக் கீழ் ஆற்றல் மட்டங்களுக்கு இறங்கும்போது, ஒவ்வொரு படிக்கும் உரிய அலைநீளத்தில் ஒளி வெளிப்படுகின்றது. ஐதரசனின் மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற ஒளி உண்டாகின்றது. இது ஐதரசன்-ஆல்பா எனப்படும். குறும்பட்டைப் படங்களின் அடித்தளம் பெரும்பாலும் இதுவே.

நெபுலாவின் ஒளி தனிக் கோடுகளால் ஆனது என்பதை முதலில் கண்டவர் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் ஹகின்ஸ் ஆவார். 1864 ஆகஸ்ட் 29 அன்று பூனைக்கண் நெபுலாவின் நிறமாலையை நோக்கிய அவர், தொடர்ச்சியான வண்ணப்பட்டைக்கு மாறாகச் சில ஒளிக்கோடுகளை மட்டுமே கண்டார். அவற்றுள் பசுமை நிறமான ஒரு கோடு புவியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. எனவே நெபுலியம் என்னும் புதிய தனிமம் ஒன்று இருப்பதாகக் கருதப்பட்டது. அக்காலத்தில் இது வியப்புக்குரிய ஊகமன்று. 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூர், மசூலிப்பட்டினம் வழியே சென்ற முழுச் சூரிய கிரகணத்தின்போது காணப்பட்ட மஞ்சள் கோடு ஹீலியம் என்னும் மெய்யான புதுத் தனிமத்துக்கு வழிகாட்டியது. சென்னை வான் ஆய்வகத்தைச் சேர்ந்த நார்மன் போக்சன் அக்கிரகணத்தை மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கினார்.

நெபுலியத்துக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. 1927ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன், அப்பசுங்கோடு இரண்டு எதிர்மின்னிகளை இழந்த ஆக்சிசனிலிருந்து வருவதை விளக்கினார். 500.7 நானோமீட்டரில் உள்ள இக்கோடும், அதன் துணையான 495.9 நானோமீட்டர்க் கோடும் தடைசெய்யப்பட்ட கோடுகள் என அழைக்கப்படுகின்றன. காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் கோடி கோடியாக மூலக்கூறுகள் நெருக்கியடிப்பதால், கிளர்வுற்ற அணு ஒளியை வெளியிடும் முன்னரே மற்றொன்றுடன் மோதித் தன் ஆற்றலை இழந்துவிடுகின்றது. நெபுலாக்களிலோ அதே அளவு இடத்தில் சில நூறு அல்லது சில ஆயிரம் துகள்களே உள்ளன. மோத ஆளில்லாததால் அணு பொறுத்திருந்து ஒளிவிடுகின்றது. ஆய்வுக்கூடங்களில் உருவாக்கப்படும் மிகச் சிறந்த வெற்றிடங்களில் பலவும் ஒரு நெபுலாவைவிட அடர்த்தியானவை என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம்.

ஒருமுறை அயனாக்கப்பட்ட கந்தகம் 671.6, 673.1 நானோமீட்டர்களில் தரும் இரட்டைக் கோடு மூன்றாவதாகப் பயன்படுவது. இது பெரும்பாலும் நெபுலாவின் விளிம்புகளிலும் அதிர்ச்சி அலை பாய்ந்த பகுதிகளிலும் மிகுந்து காணப்படும்.

தமிழ்நாட்டில் முன்னோடி

ஒரே ஒரு நிறமாலைக் கோட்டின் ஒளியில் வானத்துப் பொருளைப் படமெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகின்றது. சென்னையிலிருந்து இடம்பெயர்ந்து 1899இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் கதிரவ ஆய்வகத்தில், 1904ஆம் ஆண்டிலிருந்து கால்சியத்தின் 393.4 நானோமீட்டர்க் கோட்டிலும், 1912ஆம் ஆண்டிலிருந்து ஐதரசன்-ஆல்பாவிலும் கதிரவனின் படங்கள் எடுக்கப்பட்டன. அங்கு பயன்பட்டது கண்ணாடி வடிகட்டியன்று. நிறமாலைமானியால் ஒளியை விரித்து, வேண்டிய கோட்டை மட்டும் ஒரு நுண்பிளவின் வழியே விட்டு, கதிரவனின் முழு வட்டையும் சிறிது சிறிதாக வருடிப் பதிவு செய்யும் கருவி அது. வேண்டாத ஒளியை விலக்கினால் வேண்டிய பொருளின் அமைப்புத் தெரியும் என்ற கருத்து இரண்டிலும் ஒன்றே. கதிரவனில் ஒளி மிகுதி என்பதும் நெபுலாவில் ஒளி அரிது என்பதுமே வேறுபாடு.

நெபுலாவை முதன்முதலில் ஒளிப்படமாக்கியவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிட ஒளியேற்பில் ஓரியன் நெபுலாவைப் பதிவு செய்தார். ஐதரசன் முகில்களை முறையாகப் பட்டியலிட்டவர்களுள் ஆத்திரேலியரான கொலின் கம், 1959இல் 313 பொருள்கள் கொண்ட பட்டியலை வெளியிட்ட ஸ்டூவர்ட் ஷார்ப்லெஸ் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

வடிகட்டி செய்வது என்ன

குறும்பட்டை வடிகட்டி என்பது கண்ணாடியின் மீது பல மெல்லிய படலங்கள் அடுக்கப்பட்டு, குறுக்கீட்டு விளைவினால் ஒரு சிறு அலைநீள இடைவெளியை மட்டும் கடத்துவது. தொடக்கநிலையாளர்கள் வாங்குவனவற்றின் பட்டை அகலம் வழக்கமாக 7 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். விலை உயர்ந்தவற்றில் இது 3 நானோமீட்டர் வரை குறைகின்றது.

இதன் பயனை எளிய கணக்கொன்றால் அறியலாம். கட்புலனாகும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலத்தில் பரவியுள்ளது. நகர வானத்தின் ஒளி இவ்வகலம் முழுதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொண்டால், 7 நானோமீட்டர் வடிகட்டி அதில் ஏறத்தாழ 43இல் ஒரு பங்கையே உள்ளே விடும். நெபுலாவின் ஐதரசன்-ஆல்பா ஒளியோ அந்த 7 நானோமீட்டருக்குள்ளேயே இருப்பதால் பெரிதும் குறையாமல் வந்து சேரும். வானம் இருள, நெபுலா அப்படியே நிற்கின்றது.

முன்பு விற்பனையிலிருந்த ஒளி மாசு வடிகட்டிகள் சோடிய ஆவி விளக்கு, பாதரச ஆவி விளக்கு ஆகியவற்றின் குறிப்பிட்ட கோடுகளை மட்டும் தடுத்து ஏனையவற்றை விட்டன. 2015 சனவரியில் தொடங்கப்பட்ட தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழும் அதனைத் தொடர்ந்தும் இந்திய நகரங்களின் தெருக்கள் எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறின. வெள்ளை எல்.இ.டி. விளக்கு 450 நானோமீட்டரை ஒட்டிய நீல முகட்டுடன், பச்சை முதல் சிவப்பு வரை தொடர்ச்சியாக ஒளிவிடுவது. தடுப்பதற்கென்று அதில் தனிக் கோடு ஏதுமில்லை. ஆகையால் பழைய வகை வடிகட்டிகளின் பயன் பெருமளவு குறைந்துவிட்டது. குறும்பட்டை முறை தொடக்கநிலையாளர்களிடமும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நிலவொளியிலும் இம்முறையைக் கையாளலாம். ஆயினும் நிலவொளி நீலப் பச்சைப் பகுதியில் அதிகமாகச் சிதறுவதால், நிலவு பெருத்த இரவுகளில் ஐதரசன்-ஆல்பாவையும், அமாவாசையை ஒட்டி ஆக்சிசன் கோட்டையும் எடுப்பது வழக்கம்.

சரவணம்பட்டியின் வானம்

இத்துறை பற்றிய வழிகாட்டி நூல்களில் பெரும்பாலானவை 40 முதல் 55 பாகை வட அகலாங்கில் வாழ்வோரால் எழுதப்பட்டவை. அவற்றின் பரிந்துரைகளை 11 பாகை அகலாங்கில் அப்படியே பின்பற்றினால் ஓராண்டுக் காலம் வீணாகக்கூடும். அவை முதலில் கூறும் வட அமெரிக்கா நெபுலா ஆகஸ்ட் மாதத்தில் நள்ளிரவில் உச்சிக்கோட்டைக் கடக்கின்றது. கோயம்புத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் அப்போது மழை குறைவு. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் முகில்கள் வானத்தை மூடும். முகில் விலகிய இரவிலும் ஆடிக் காற்று தொலைநோக்கியை நிலையாக நிற்க விடுவதில்லை. அவை இரண்டாவதாகக் கூறும் இதய நெபுலா அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு உரியது. அதுவே இங்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆண்டு மழையில் பெரும்பங்கு இம்மாதங்களில்தான் பெய்கின்றது.

தெளிந்த வானம் திசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை, அதாவது மார்கழி முதல் மாசி முடிய கிட்டுகின்றது. இக்காலத்தில் உயரத்தில் நிற்பவை ஓரியன் பகுதியும் அதன் கிழக்கே உள்ள ரோசெட் நெபுலாவும் ஆகும். என்.ஜி.சி 2237 என்ற எண்ணுடைய ரோசெட், திருவாதிரை விண்மீனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 பாகை தொலைவில் உள்ளது. முழுநிலவைப் போல் இரு மடங்குக்கும் மேல் அகலமானது. பிப்ரவரித் தொடக்கத்தில் இரவு 10 மணியளவில் சரவணம்பட்டியில் 84 பாகை உயரத்தை, அதாவது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, வந்தடைகின்றது. தலைக்கு மேலுள்ள வானமே நகரத்தில் ஒளி மாசு மிகக் குறைந்த பகுதி. முதல் முயற்சிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு இவ்வூருக்கு இல்லை.

தொடக்கநிலையாளரின் ஆசை பெரும்பாலும் வேறொன்றின் மேல் செல்லும். ஓரியன் நெபுலாவைவிட மிகப் பெரியதும், வட நாட்டினர் பலருக்கு அடிவானத்துக்கு மேல் வராததுமான கரீனா நெபுலா இங்கு மார்ச் முதல் வாரத்தில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே 19 பாகை உயரம் வரை எழுகின்றது. அந்த உயரத்தில் அதன் ஒளி, உச்சியில் உள்ள பொருளைக் காட்டிலும் மூன்று மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். இதனினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. சரவணம்பட்டிக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும்தான் கோயம்புத்தூர் மாநகரம் முழுதும் பரந்துள்ளது. நகரத்தின் ஒளிக்கவிகைக்கு மேலேயே கரீனா நிற்கின்றது. ஐதரசன்-ஆல்பா வடிகட்டியால் அதை எடுக்க முடியும். எனினும், அது முதல் இரவுக்குரியதன்று.

துருவ அச்சு

புவியின் சுழற்சியால் விண்மீன்கள் விநாடிக்கு 15 வில்விநாடி வீதம் நகர்கின்றன. 400 மில்லிமீட்டர் குவியத்தூரமும் 3.76 மைக்ரோமீட்டர் படவணுவும் கொண்ட அமைப்பில் ஒரு படவணு 1.9 வில்விநாடியைக் காட்டும். அதாவது, தொலைநோக்கி அசையாமல் நின்றால் விண்மீன் விநாடியின் எட்டில் ஒரு பங்கு நேரத்திலேயே ஒரு படவணுவைத் தாண்டிவிடும். ஐந்து நிமிட ஒளியேற்புக்கு, புவியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் தாங்கி இன்றியமையாதது.

அவ்வச்சை நிறுவத் துருவ விண்மீன் உதவுகின்றது. சரவணம்பட்டியில் அது வடக்கே 11 பாகை உயரத்திலேயே உள்ளது. கண்மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயர்ந்த கட்டடம் வடக்கில் 50 மீட்டருக்குள் இருந்தால் துருவ விண்மீன் தெரியாது. அப்போது உச்சிக்கோட்டருகிலும் அடிவானத்தருகிலும் ஒவ்வொரு விண்மீனின் நகர்வைப் பார்த்து அச்சைத் திருத்தும் பழைய முறையையோ, வானத்தின் வேறு பகுதியைப் படமெடுத்துக் கணக்கிடும் மென்பொருளையோ நாட வேண்டும். மேலும் அச்சு கிட்டத்தட்டக் கிடைமட்டமாகச் சாய்வதால், எடைச்சமன் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும் தொல்லை இந்த அகலாங்கில் உண்டு. தாங்கிக்கும் முக்காலிக்கும் இடையே ஒரு குறுந்தூண் வைப்பது இதற்குத் தீர்வாகும்.

இதே 11 பாகையை ஒரு வசதியாக மாற்றிக்கொண்ட கருவி அருகிலேயே இருக்கின்றது. நீலகிரியில் 1970இல் கட்டி முடிக்கப்பட்ட உதகை வானொலித் தொலைநோக்கி, ஊரின் அகலாங்குக்குச் சமமான சரிவுடைய மலைச்சரிவில் வடக்குத் தெற்காகப் படுத்திருக்கின்றது. 530 மீட்டர் நீளமுள்ள அதன் அச்சு இயல்பாகவே புவியச்சுக்கு இணையாக அமைந்துவிட்டதால், ஓர் அச்சில் சுழற்றியே வான்பொருள்களைப் பின்தொடர முடிகின்றது.

முதல் இரவு

வடிகட்டியைப் பொருத்தியதும் திரை முழுக் கருப்பாகத் தோன்றும். முதல்முறை முயல்வோர் பலர் கருவி பழுதாகிவிட்டதோ எனக் கலங்குவது இங்குதான். நெபுலாவைக் கொண்டு குவியம் பார்க்க முடியாது. பளிச்சென்ற விண்மீன் ஒன்றைக் கொண்டே பார்க்க வேண்டும். திருவாதிரை செவ்விண்மீனாகையால் ஐதரசன்-ஆல்பா வடிகட்டியின் வழியே நன்கு தெரியும். ரோசெட்டுக்கு அண்மையிலும் உள்ளது. இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கிக் குவியம் மாறுமாதலால் மணிக்கொருமுறை சரிபார்த்தல் நன்று.

சாதாரண வண்ணக் கேமராக்களில் உணரியின் முன்னுள்ள கண்ணாடி ஐதரசன்-ஆல்பாவின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அதை நீக்கிய பின்னரும் நான்கு படவணுக்களில் சிவப்புக்குரிய ஒன்றே இவ்வொளியை ஏற்கும். ஒற்றைநிற உணரிகள் விரும்பப்படுவது இதனாலேயே. உணரியின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ ஒவ்வொரு 6 பாகை செல்சியசுக்கும் இருமடங்காகின்றது. தை மாத இரவின் 20 பாகையிலிருந்து கழிவு 10 பாகைக்குக் குளிர்விக்கப்பட்ட உணரியில் அது 32இல் ஒரு பங்காகிவிடும். குளிர்விப்பான் இல்லாத கேமரா உடையோர் மூடியை மூடி அதே நேர அளவில் இருட்படங்களை எடுத்துக் கழிக்க வேண்டும்.

தை, மாசி மாதப் பனி வில்லையின் மேல் படிந்து, விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் உண்டாக்கும். வில்லையைச் சுற்றிக் கட்டும் சிறு வெப்பப்பட்டி இதைத் தவிர்க்கின்றது. ரோசெட் உச்சியைத் தாண்டும் வேளையில் குழாயின் பின்பகுதி முக்காலியில் மோதக்கூடும். அவ்வேளையில் கருவியின் அருகிலிருப்பது நல்லது.

ஐந்து நிமிடத் தனிப்படத்தில் விண்மீன்களுக்கிடையே ஒரு மங்கலான வளையம் தெரிந்தால் முயற்சி வெற்றி என்றே கொள்ளலாம். தூசி நிழல்களையும் ஓர இருட்டையும் நீக்கத் தேவையான சமதளப் படங்களுக்கு, வெள்ளை வேட்டித் துணியை இருமடியாகக் குழாயின் வாயில் கட்டி அந்திவானத்தை நோக்கி எடுத்தாலே போதும்.

கணினியில்

ஒரே நீண்ட ஒளியேற்புக்குப் பதிலாகப் பல படங்களை எடுத்துச் சராசரி காண்பது அடுக்குதல் எனப்படும். நெபுலாவின் குறிகை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருக்க, இரைச்சல் ஒவ்வொன்றிலும் வேறுபடுவதால், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இரைச்சல் அடங்குகின்றது. 36 படங்களைச் சேர்த்தால் இரைச்சல் ஆறில் ஒன்றாகும். மேலும் பாதியாக்க 144 படங்கள் தேவை. ஒரே நெபுலாவுக்குப் பல இரவுகள் செலவிடப்படுவதன் காரணம் இவ்வர்க்கமூலமே.

அப்படியாயின் 5 நிமிடப் படங்கள் 36க்கு மாற்றாக 5 விநாடிப் படங்கள் 2160 எடுத்தால் என்ன என்ற ஐயம் எழலாம். மொத்த நேரம் ஒன்றே. ஆனால் உணரியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு இரைச்சல் சேர்கின்றது. சாதாரணப் படங்களில் வானத்தின் ஒளி அதை எளிதில் மூழ்கடித்துவிடும். குறும்பட்டையில் வானமே இருண்டிருப்பதால் படிப்பு இரைச்சல் மேலோங்கும். ஒவ்வொரு படமும் இவ்விரைச்சலைத் தாண்டும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும்.

பீளமேட்டிலுள்ள விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் விமானக் கோடுகளும், செயற்கைக்கோள் கோடுகளும் படங்களில் விழும். கோடு விழுந்த படத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு படவணுவுக்கும் 36 மதிப்புகள் உள்ளன. அவற்றின் சராசரியும் நியமவிலக்கமும் கணக்கிடப்பட்டு, மிக விலகி நிற்கும் மதிப்பு மட்டும் நீக்கப்படும். ஒரு படத்தில் மட்டும் இருக்கும் கோடு இவ்வாறு தடமின்றி மறையும். சிரில், டீப் ஸ்கை ஸ்டாக்கர் ஆகிய இலவச மென்பொருள்கள் இதனைச் செய்கின்றன. படங்கள் உணரியின் மூலத்தரவாக இருத்தல் அவசியம். ஜேபெக் வடிவத்தில் நிறத்துக்கு 256 நிலைகளே உண்டு. மேலும் அதில் ஒளிர்வு ஏற்கனவே வளைக்கப்பட்டிருப்பதால் இருட்படக் கழித்தல் சரியாக நிகழாது.

நிறங்கள்

மூன்று கோடுகளில் தனித்தனியே எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களுக்குப் பின்னரே நிறம் ஏற்றப்படுகின்றது. கந்தகத்துக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஆக்சிசனுக்கு நீலம் என்ற ஒதுக்கீடு, ஹபிள் தொலைநோக்கி 1995இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தால் உலகறிந்தது. ஐதரசனும் கந்தகமும் உண்மையில் சிவப்பே. இரண்டையும் சிவப்பாக வைத்தால் அவற்றை வேறுபடுத்த இயலாது என்பதால் இவ்வாறு செய்யப்படுகின்றது. இது நிலப்படத்தில் மாவட்டங்களுக்கு வண்ணம் பூசுவதைப் போன்றது. படத்துடன் எந்தக் கோட்டுக்கு எந்த நிறம் என்று குறிப்பிடாதவர் பார்வையாளரை ஏமாற்றுகின்றார் என்று கூடச் சொல்லலாம்.

வடிகட்டிக்கு அப்பால்

குறும்பட்டை முறை நகரத்தின் வானத்தைத் திருப்பித் தருவதில்லை. அது உமிழ் நெபுலாக்களை மட்டுமே மீட்கின்றது. ஆந்திரமேடா போன்ற விண்மீன் பேரடைகளின் ஒளி தொடர்ச்சியானது. கார்த்திகை விண்மீன் கூட்டத்தைச் சூழ்ந்த நீல முகிலும் தூசியில் தெறித்த விண்மீன் ஒளியே. இவற்றை வடிகட்டினால் தெருவிளக்கின் ஒளியுடன் அவையும் சேர்ந்தே போய்விடும். இவற்றுக்கு இருண்ட வானமே வேண்டும்.

கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டி, வால்பாறை ஆகிய மலைப்பகுதிகள் இதற்காக நாடப்படுகின்றன. இவை யானைகள் நடமாடும் காட்டை ஒட்டியவை. செம்மையாக இருட்டிய திறந்தவெளியில் இரவு முழுதும் கருவியருகே தனித்து நிற்பது ஆபத்தானது. வனத்துறையின் இரவுக் கட்டுப்பாடுகளை முன்கூட்டியே அறிந்து, மதில் சூழ்ந்த தங்குமிடத்தின் வளாகத்துக்குள்ளிருந்தே படமெடுக்க வேண்டும்.